மனிதர்களைப் படமெடுக்கும்போது ஆட்டோஃபோகஸா, மேனுவல் ஃபோகஸா?

தொடக்கப் பதிவு

வணக்கம். நான் படமெடுப்பது பெரும்பாலும் மனிதர்களைத்தான். தனி முகங்கள், இருவராக நிற்பவர்கள், அவ்வப்போது குடும்பக் குழுக்கள். அண்மையில் பழைய 50 மி.மீ. எஃப் 1.4 மேனுவல் லென்ஸ் ஒன்று கைக்கு வந்தது. அடாப்டர் (இணைப்பு வளையம்) போட்டு அதை மிரர்லெஸ் கேமராவில், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாமல் சென்சாரில் விழும் காட்சியையே காட்டும் கேமராவில், மாட்டியிருக்கிறேன். அதே கேமராவுக்கு என்னிடம் ஆட்டோஃபோகஸ் லென்ஸும் உண்டு. அது முகத்தைக் கண்டதும் கண்ணின் மேல் ஒரு சிறு கட்டத்தைப் போட்டு விடாமல் பின்தொடர்கிறது. அப்படியிருக்க, ஆட்களைப் படமெடுக்க மேனுவல் ஃபோகஸ் இனியும் தேவைதானா, தேவை என்றால் எந்த இடத்தில் தேவை என்பதே என் கேள்வி. கையால் வளையத்தைத் திருப்பினால்தான் கலை என்றோ, இயந்திரம் வந்தபின் கைக்கு வேலையே இல்லை என்றோ பொதுவாகச் சொல்லிவிடாமல், எந்தச் சூழலில் எது எதனால் தவறுகிறது என்று அறிந்தவர்கள் விளக்கினால் பலருக்கும் பயன்படும்.

மறுமொழி 1

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஃபுல் ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.4 அபர்ச்சரில் (ஒளி நுழையும் துளை; எஃப் எண் சிறிதானால் துளை பெரிது) வைத்து, 1.5 மீட்டர் தொலைவில் இருக்கும் முகத்தைப் படமெடுத்தால், கூர்மையாகத் தெரியும் பகுதியின் மொத்த ஆழம் ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர்தான். உங்கள் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.4-இல் வைத்து 1 மீட்டர் தொலைவில் எடுத்தால் ஆழம் சுமார் 3 சென்டிமீட்டர். இதில் பாதி கண்ணுக்கு முன்னாலும் பாதி பின்னாலும் விழுகிறது என்பதால், பிழைக்கு இடம் இருப்பது இருபுறமும் ஒன்றேகால் அல்லது ஒன்றரை சென்டிமீட்டர் மட்டுமே.

இப்போது நின்றுகொண்டிருக்கும் ஒருவரைக் கவனியுங்கள். அவர் அசையாமல் நிற்பதாக நமக்குத் தோன்றினாலும் மூச்சு விடுகிறார், ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு எடையை மாற்றுகிறார், பேசும்போது தலையைச் சற்று முன்னே கொண்டுவருகிறார். கேமராவைப் பிடித்திருக்கும் நாமும் அப்படித்தான் ஆடிக்கொண்டிருக்கிறோம். வளையத்தைத் திருப்பி நிறுத்திய கணத்தில் ஃபோகஸ் மிகச் சரியாகவே இருந்திருக்கும். ஷட்டரை அழுத்திய கணத்தில் அந்தக் கண் அங்கே இருக்காது.

இதையே ஆட்டோஃபோகஸுக்கும் சொல்ல வேண்டும். ஒருமுறை ஃபோகஸ் செய்து பூட்டிக்கொள்ளும் முறையில், அதாவது ஏஎஃப்-எஸ் முறையில், பூட்டியபின் நடக்கும் அசைவு கேமராவுக்குத் தெரியாது. அந்த வகையில் அது மேனுவல் ஃபோகஸைப் போன்றதுதான், வேகம் மட்டும் கூடுதல். ஷட்டர் திறக்கும் வரை தொடர்ந்து அளந்து திருத்திக்கொண்டே இருக்கும் ஏஎஃப்-சி முறை மட்டுமே உண்மையில் வேறு வகையானது. ஆகவே பூட்டிய ஃபோகஸா, தொடரும் ஃபோகஸா என்ற பிரிவிலிருந்து தொடங்கினால் விவாதம் தெளிவாக இருக்கும் என்று கருதுகிறேன். அகலத் திறந்த அபர்ச்சரில், கையில் பிடித்து, உயிருள்ள ஒருவரை எடுப்பதாக இருந்தால் தொடரும் ஃபோகஸைத்தான் நான் நம்புவேன்.

மறுமொழி 2

மேலே சொன்ன கணக்கை ஏற்கிறேன். ஆனால் கையால் ஃபோகஸ் செய்வது கடினம் என்ற எண்ணம் பரவியதற்குக் கையைவிட வ்யூஃபைண்டரே (கண்ணை வைத்துப் பார்க்கும் சாளரம்) காரணம் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் ஆட்டோஃபோகஸ் கேமராவான கோனிகா சி35 ஏஎஃப் 1977-இல் வந்தது; எஸ்எல்ஆர் (லென்ஸ் வழி வரும் காட்சியை உள்ளிருக்கும் கண்ணாடியால் வ்யூஃபைண்டருக்குத் திருப்பும் கேமரா) உலகத்தை உண்மையில் மாற்றியது 1985-இல் வந்த மினோல்டா 7000. அதற்கு முந்தைய எஸ்எல்ஆர் கேமராக்களின் திரை நடுவில் பெரும்பாலும் ஒரு பிளவுப் பட வட்டம் இருக்கும். ஃபோகஸ் தவறினால் அந்த வட்டத்துக்குள் மூக்கின் கோடோ கண்ணின் விளிம்போ இரண்டாக வெட்டுண்டு விலகி நிற்கும். வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டு துண்டுகளும் நகர்ந்து ஒன்றாகச் சேரும். பார்ப்பவர் ஊகிக்க வேண்டிய தேவை அங்கே குறைவு.

ஆட்டோஃபோகஸ் வந்தபின் அந்த வட்டத்தை எடுத்துவிட்டார்கள். திரையையும் வெளிச்சமாகத் தெரியும்படி மாற்றினார்கள். அந்தத் திரைகள் ஏறத்தாழ எஃப் 2.8-ஐவிட அகலமான அபர்ச்சரின் உண்மையான மங்கலைக் காட்டுவதில்லை. எஃப் 1.4 லென்ஸ் மாட்டியிருந்தாலும் திரையில் தெரிவது எஃப் 2.8 அளவிலான ஆழம்தான். திரையில் கூர்மையாக இருந்த கண் படத்தில் மங்கிப்போனதைக் கண்டு, தமக்குப் பார்வை போதவில்லை என்று முடிவு கட்டியவர்கள் ஏராளம்.

மிரர்லெஸ் கேமராவில் அந்தக் குறை தீர்ந்துவிட்டது. சென்சாரில் விழுவதையே பெரிதாக்கிப் பார்க்கலாம். கண்ணைப் பெரிதாக்கிக்கொண்டு வளையத்தை அருகிலிருந்து தொலைவை நோக்கி மெல்லத் திருப்புங்கள். முதலில் இமை முடிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரியும். பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் ஒரு மயிரிழை அளவு திருப்பினால் இமை முடிகள் சற்றே மென்மையாகி, கருவிழியைச் சுற்றியுள்ள நார் போன்ற கோடுகள் மேலெழுந்து வரும். கண்ணில் விழுந்திருக்கும் ஒளிப்புள்ளியும் சிதறிய வட்டமாக இருந்தது சுருங்கி விளிம்பு தெளியும். நிறுத்த வேண்டிய இடம் அதுதான். ஃபோகஸ் பீக்கிங் என்ற வண்ணக் கோட்டை மட்டும் நம்ப வேண்டாம். அது ஒளிக்கும் இருளுக்குமான மாறுபாடு மிகுந்த விளிம்புகளைத்தான் குறிக்கிறது. புருவமும் தாடியும் கண்ணாடிச் சட்டமும் எளிதில் வண்ணம் பூசிக்கொள்ளும், கண்ணோ இன்னும் ஃபோகஸுக்கு வந்திருக்காது.

மறுமொழி 3

இடையில் ஒரு ஐயம். நான் வைத்திருப்பது டிஎஸ்எல்ஆர் (டிஜிட்டல் எஸ்எல்ஆர்). நடுப்புள்ளியைக் கண்ணில் வைத்து ஃபோகஸ் செய்து, பிறகு கேமராவைச் சற்றுத் திருப்பிச் சட்டகத்தை அமைத்துக்கொள்கிறேன். பெரும்பாலான படங்களில் காது கூர்மையாகவும் கண் மங்கலாகவும் வருகிறது. இது லென்ஸின் குறையா, என் முறையின் குறையா?

மறுமொழி 4

3-ஆம் மறுமொழியாளருக்கு: இரண்டு காரணங்கள் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

முதலாவது உங்கள் முறை. ஃபோகஸ் செய்தபின் கேமராவைத் திருப்பும்போது, கூர்மையாகத் தெரியும் தளமும் கூடவே திரும்புகிறது. அந்தத் தளம் கண்ணைவிட்டுப் பின்னால் நகருமே தவிர, முன்னால் வராது. 85 மி.மீ. லென்ஸில் 1.5 மீட்டர் தொலைவில், கண் சென்சாரின் நடுவிலிருந்து 10 மி.மீ. தள்ளி விழும்படி நீங்கள் சட்டகத்தை மாற்றினால், கேமரா கிட்டத்தட்ட 7 பாகை திரும்பியிருக்கும். தளம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் பின்னே போயிருக்கும். எஃப் 1.4-இல் பின்புறம் கிடைக்கும் இடமே ஒன்றேகால் சென்டிமீட்டர்தான் என்பதை முதல் மறுமொழியில் பார்த்தோம். மிச்சத்தை உங்கள் உடல் அசைவு தின்றுவிடும். எஃப் 5.6-இல் இதே முறை எந்தத் தொல்லையும் தராது என்பதால்தான் பலர் இதைப் பாதுகாப்பான பழக்கம் என்று நம்புகிறார்கள். கண்ணுக்கு மிக அருகிலுள்ள ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், பெருமளவு சரியாகிவிடும்.

இரண்டாவது, கேமராவின் கட்டமைப்பு. டிஎஸ்எல்ஆர் வ்யூஃபைண்டர் வழியாகப் பார்க்கும்போது ஃபோகஸை அளப்பது படம் பதிவாகும் சென்சார் அன்று; கண்ணாடிக்குக் கீழே தனியாக உள்ள ஒரு சிறு சென்சார். அதற்குப் போகும் ஒளிப்பாதையும் உண்மையான சென்சாருக்குப் போகும் பாதையும் இம்மியளவு வேறுபட்டாலும் எல்லாப் படங்களும் ஒரே பக்கமாகத் தவறும். கேமராவை முக்காலியில் வைத்து, அசையாத ஒரு பொருளை வ்யூஃபைண்டர் வழியாக ஒருமுறையும் லைவ் வ்யூ (பின்திரையில் பார்த்து எடுக்கும் முறை) வழியாக ஒருமுறையும் எடுத்து ஒப்பிடுங்கள். லைவ் வ்யூவில் சென்சாரே அளப்பதால் அது சரியாக வரும். வேறுபாடு தெரிந்தால், பல கேமராக்களின் மெனுவில் உள்ள ஏஎஃப் நுண்திருத்தத்தால் அதைச் சரிசெய்துகொள்ளலாம். மிரர்லெஸ் கேமராவில் அளவீடு சென்சார் மேலேயே நடப்பதால் இந்த வகைப் பிழை எழுவதில்லை.

மறுமொழி 5

நான் நிகழ்ச்சிகளில் படமெடுக்கும் தொழிலில் இருப்பவன். 2-ஆம் மறுமொழி எழுதிய ஐயா கருவிழியின் நார் வரை விவரித்தது அழகாக இருந்தது, அதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் கருவிழியைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த மனிதரின் முகத்தை நாம் பார்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். திரை முழுவதும் ஒரு கண் மட்டுமே இருக்கும்போது உதடு எப்படி இருக்கிறது, தோள் இறுகியிருக்கிறதா, பின்னால் யாராவது குறுக்கே வந்தார்களா என்று எதுவும் தெரியாது. எதிரில் இருப்பவரும் காத்திருக்கிறார். வளையத்தை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டிருக்கும் அந்த இடைவெளியில் சிரிப்பு முதலில் உறைகிறது, அதன்பின் வெறும் பல்வரிசையாகிறது. கூர்மையான கண்ணும் செத்த முகமும் உள்ள படத்தை யாரும் விரும்பி வாங்கிக்கொள்வதில்லை.

நடந்து வருபவரை எடுக்கும்போது பேச்சுக்கே இடமில்லை. சாதாரண நடையில் ஒருவர் விநாடிக்கு 1.3 மீட்டர் அளவு முன்னே வருகிறார் என்று வைத்துக்கொண்டால், விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்தில் 6 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுகிறார். தொடரும் ஆட்டோஃபோகஸ், இதுவரை வந்த வேகத்தை வைத்து அவர் அடுத்து எங்கே இருப்பார் என்று கணித்து லென்ஸை முன்கூட்டியே நகர்த்துகிறது. கையால் அதைச் செய்யும் திறமைசாலிகள் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் மீண்டும் நடக்காத ஒரு தருணத்தை அந்தத் திறமையின் மேல் பணயம் வைக்க எனக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறேன்.

மறுமொழி 6

நீங்கள் இருவரும் அகலத் திறந்த அபர்ச்சரை மட்டும் மனத்தில் வைத்துப் பேசுகிறீர்கள். தெருவிலும் கூட்டத்திலும் மனிதர்களை எடுப்பவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு, அது படமெடுக்கும் நேரத்தில் ஃபோகஸே செய்யாமலிருப்பது. 35 மி.மீ. லென்ஸை எஃப் 8-இல் வைத்து 3 மீட்டரில் நிறுத்திவிட்டால், ஏறத்தாழ 1.9 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை உள்ளவை ஏற்கத்தக்க கூர்மையில் இருக்கும். அதன்பின் கேமரா எதையும் தேடுவதில்லை, நாமும் எதையும் திருப்புவதில்லை. அந்த எல்லைக்குள் ஒருவர் வருகிறாரா என்று பார்த்து அழுத்தினால் போதும்.

கூட்டத்தில் முகம் கண்டறியும் ஆட்டோஃபோகஸ் தவறுவது தொழில்நுட்பக் குறையால் அன்று, அங்கே முகங்கள் அதிகம் என்பதால். நாம் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்க, அவருக்கு முன்னால் கடந்துபோகும் இன்னொருவரின் முகத்துக்குக் கட்டம் தாவிவிடுகிறது. ஃபோகஸை முன்பே நிறுத்திவைக்கும் இந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு: தொலைவு அளவு பொறித்த லென்ஸ் வேண்டும். மின்னணு முறையில் இயங்கும் பல புதிய லென்ஸ்களில் வளையம் முடிவின்றிச் சுற்றுகிறது, அளவுகோலும் இல்லை. அவற்றில் இதைச் செய்வது சிரமம்.

மறுமொழி 7 (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் நன்றி. மூக்குக் கண்ணாடி அணிந்தவர்களிடம் என் ஆட்டோஃபோகஸ் லென்ஸ் அடிக்கடி ஏமாற்றுகிறது. கட்டம் கண்ணின் மேல்தான் இருக்கிறது, பச்சையாகவும் மாறுகிறது, ஆனால் படத்தில் கண் மென்மையாக இருக்கிறது. முகத்தில் கூந்தல் விழுந்திருந்தாலும், பின்னாலிருந்து வெயில் அடித்தாலும் இதே நிலைதான். கண்ணைக் கண்டுபிடித்த கேமரா ஏன் கண்ணில் ஃபோகஸ் செய்யவில்லை?

மறுமொழி 8

கண்ணைக் கண்டுபிடிப்பதும் கண்ணின் தொலைவை அளப்பதும் கேமராவுக்குள் நடக்கும் இரண்டு தனித்தனி வேலைகள் என்பதே விடை. முதல் வேலை படத்தை அடையாளம் காண்பது. சட்டகத்தில் கண் இருக்கும் இடம் எது என்று கேமரா சொல்கிறது. இரண்டாவது வேலை, அந்தச் சிறு பகுதிக்குள் கிடைக்கும் விவரங்களைக் கொண்டு தொலைவை அளப்பது. பச்சைக் கட்டம், அந்தப் பகுதிக்குள் ஏதோ ஒன்று ஃபோகஸில் இருக்கிறது என்பதற்கு மேல் எந்த உறுதியும் தருவதில்லை. கூந்தல் இழை ஒன்று கண்ணுக்குக் குறுக்கே தொங்கினால், கண்ணைவிட மாறுபாடு மிகுந்த விவரம் அந்த இழைதான். அளவீடு அதையே பற்றிக்கொள்ளும்.

மூக்குக் கண்ணாடியில் சிக்கல் ஒருபடி கூடுதல். அதில் சன்னலோ விளக்கோ பிரதிபலித்தால், அந்தப் பிரதிபலிப்பின் பிம்பம் கண்ணாடியின் பரப்பில் உட்கார்ந்திருப்பதில்லை. ஒளியியல்படி அது வேறொரு தொலைவில் இருக்கிறது. சன்னலின் விளிம்பு மிகக் கூர்மையான கோடு என்பதால் கேமரா அதில் நிற்கிறது. அவரைத் தாடையைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லுங்கள், அல்லது நீங்கள் ஓர் அடி பக்கவாட்டில் நகருங்கள். பிரதிபலிப்பு போனால் ஃபோகஸும் கண்ணுக்கு வந்துவிடும்.

எதிர் வெயிலில், லென்ஸுக்குள் சிதறும் ஒளி படம் முழுவதும் ஒரு வெள்ளைத் திரையை விரித்து மாறுபாட்டைக் குறைக்கிறது, முகமும் நிழலில் இருக்கிறது. லென்ஸ் ஹுட் மாட்டுவதும், கையால் நிழல் கொடுப்பதும் நல்ல பலன் தரும். இன்னொன்றும் உண்டு: சென்சார் மேல் உள்ள, ஃபோகஸை அளக்கும் ஃபேஸ் டிடெக்ஷன் புள்ளிகள் பல கேமராக்களில் ஒரு திசைக் கோடுகளை மட்டுமே நன்றாக உணர்கின்றன. கேமராவைச் சற்றுச் சாய்த்தால் திடீரென்று ஃபோகஸ் பிடிபடுவது அதனால்தான்.

இவற்றிலெல்லாம் மேனுவல் ஃபோகஸை முழுமையாக நாட வேண்டியதில்லை. ஷட்டரைப் பாதி அழுத்தியபடியே வளையத்தைத் திருப்பித் திருத்திக்கொள்ள அனுமதிக்கும் லென்ஸ்கள் பல உள்ளன. கேமரா கிட்டே கொண்டுவந்து நிறுத்தட்டும், கடைசி மயிரிழையைக் கை பார்த்துக்கொள்ளட்டும். ஃபோகஸை ஷட்டர் பொத்தானிலிருந்து பிரித்துப் பின்பக்கப் பொத்தானுக்குக் கொடுத்துவிட்டால் இது இன்னும் எளிது.

மறுமொழி 9

மீண்டும் 2-ஆம் மறுமொழியாளர். 5-ஆம் மறுமொழியில் நண்பர் சொன்னது நிகழ்ச்சிப் படங்களுக்கு முழு உண்மை. அங்கே நானும் ஆட்டோஃபோகஸைத்தான் பயன்படுத்துவேன். என் கவலை வேறு. கண் கண்டறியும் வசதி வந்தபின், மனிதர் படம் என்றால் கண்ணில்தான் ஃபோகஸ் என்பது கேட்கப்படாத விதியாகிவிட்டது. வேலை செய்துகொண்டிருக்கும் ஒருவரின் கைகளே படத்தின் பொருளாக இருந்து, முகம் பின்னால் மங்கலாக இருக்க வேண்டும் என்று நாம் எண்ணினால், முகத்துக்கு முன்னுரிமை தரும் கேமரா மறுபடி மறுபடி முகத்துக்கே இழுக்கும். இருவர் முன்பின்னாக நிற்கும்போது, பின்னால் இருப்பவரின் பார்வைக்காகவே அந்தப் படத்தை எடுக்கிறோம் என்றாலும் கேமரா முன்னால் இருப்பவரைத் தேர்ந்தெடுப்பது வழக்கம்.

கேமரா தயாரிப்பாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். 1992-இல் வந்த கேனன் இஓஎஸ் 5, படமெடுப்பவர் வ்யூஃபைண்டருக்குள் எந்தப் புள்ளியைப் பார்க்கிறார் என்று கவனித்து அந்தப் புள்ளியில் ஃபோகஸ் செய்தது. அதே எண்ணம் 2021-இல் இஓஎஸ் ஆர்3-இல் திரும்பி வந்தது. தேர்ந்தெடுக்கும் உரிமை மனிதரிடமும், அளக்கும் வேலை இயந்திரத்திடமும் இருக்கட்டும் என்ற அந்தப் பிரிவினை எனக்கு மிகவும் பிடித்தது. அந்த வசதி இல்லாத கேமராவில் கண் கண்டறிதலை அணைத்துவிட்டு ஒற்றைப் புள்ளியை நீங்களே நகர்த்துங்கள். ஆள் அமர்ந்திருந்து, கேமரா முக்காலியில் இருந்தால், மேனுவல் ஃபோகஸ் இன்னும் நல்லது. ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்து நிறுத்திவிட்டால், நண்பர் அஞ்சிய அந்தக் காத்திருப்பு அதன்பின் இல்லை. கேமராவுக்கு மேலாகத் தலையை நிமிர்த்தி அவரிடமே பேசிக்கொண்டு படமெடுக்கலாம்.

மறுமொழி 10

குழுப் படங்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அங்கே ஆட்டோஃபோகஸ் பெரும்பாலும் கேமராவுக்கு அருகிலுள்ள முகத்தையே பிடிக்கிறது. முன்வரிசை கூர்மையாகி, பின்வரிசை கைவிட்டுப் போகிறது. 85 மி.மீ. லென்ஸில் 5 மீட்டர் தொலைவில் எஃப் 4-க்குக் கிடைக்கும் ஆழம் சுமார் 80 சென்டிமீட்டர். மூன்று வரிசைகளுக்கு இது போதாது. எஃப் 8-இல் ஏறத்தாழ 1.6 மீட்டர் கிடைக்கும்.

ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு முன்னாலும் இரண்டு பங்கு பின்னாலும் விழும் என்று பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். அது ஹைப்பர்ஃபோகல் தொலைவின் (எங்கே ஃபோகஸ் செய்தால் முடிவிலி வரை ஏற்கத்தக்க கூர்மை கிடைக்குமோ, அந்த மிகக் குறைந்த தொலைவு) மூன்றில் ஒரு பங்குத் தொலைவில் ஃபோகஸ் செய்யும்போது மட்டுமே உண்மை. மேலே சொன்ன தொலைவில் முன்னும் பின்னும் ஏறக்குறைய சமமாகவே பிரியும் என்பதால், நடு வரிசையிலுள்ள ஒருவரின் முகத்தில் ஒற்றைப் புள்ளியை வைத்து ஃபோகஸ் செய்து, அதைப் பூட்டிவிடுங்கள்.

மறுமொழி 11 (இழையைத் தொடங்கியவர்)

மிகப் பயனுள்ள விளக்கங்கள். அமர்ந்திருப்பவர்களுக்கு மேனுவல், அசைபவர்களுக்குத் தொடரும் ஆட்டோஃபோகஸ் என்று பிரித்துக்கொள்கிறேன். அந்தப் பழைய 50 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்தே பயன்படுத்துவதாக இருந்தால் எதைக் கவனிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

மறுமொழி 12

முதல் மறுமொழி எழுதியவன் நான். எஃப் 1.4-ஐ விட்டு எஃப் 2-க்கு வாருங்கள், சற்று விலகி 1.5 மீட்டரில் நில்லுங்கள். ஆழம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டராகிவிடும், பின்னணி மங்கல் மட்டும் குறையும். எஃப் 1.4-இல் ஃபோகஸ் செய்துவிட்டுப் படமெடுக்கும்போது அபர்ச்சரைச் சுருக்கும் பழக்கம் வேண்டாம். பழைய வேக லென்ஸ்கள் (அகலத் துளையுள்ளவை) பலவற்றில் அபர்ச்சர் சுருங்கும்போது ஃபோகஸ் தளமே சற்று நகர்கிறது. எந்த அபர்ச்சரில் எடுக்கிறீர்களோ அதிலேயே வைத்துத் திருப்புங்கள்.

வ்யூஃபைண்டரின் டயாப்டர் திருகை (காட்சியின் தெளிவைக் கண்ணுக்கு ஏற்ப மாற்றுவது) உங்கள் பார்வைக்கு ஏற்ப முதலில் சரிசெய்துகொள்ளுங்கள். கேமராவுக்குள் பட நிலைப்படுத்தல் இருந்தால், அடாப்டர் வழியாக லென்ஸின் விவரம் போகாது என்பதால், குவியத் தொலைவு 50 என்பதை மெனுவில் நீங்களே உள்ளிட வேண்டும். அப்போதுதான் பெரிதாக்கிப் பார்க்கும்போது படம் நடுங்காமல் நிற்கும். ஃபோகஸ் வந்ததும் உடனே பெரிதாக்கலை விட்டு முழுச் சட்டகத்துக்கு வந்து, இரண்டு மூன்று படங்களைத் தொடர்ச்சியாக எடுங்கள். உடல் ஆட்டத்தில் ஒன்று தவறினாலும் அடுத்ததில் கண் தளத்துக்குள் விழ வாய்ப்பு உண்டு.